வேறொரு நோயின் கணக்கில் இருந்த டெவிக் நோய்

நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தப் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் அந்நியமாகக் கருதித் தாக்கும் நோய். சில நாட்களுக்குள் ஒரு கண்ணிலோ இரு கண்களிலுமோ பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. தண்டுவடம் அழன்றால் கால்கள் வலுவிழக்கும், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மரத்துப்போகும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். நாற்பது வயதை ஒட்டியவர்களிடம் அதிகம் தொடங்குகிறது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரு முறை வந்து போனால் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடியும் வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பார்வையையோ கொஞ்சம் நடையையோ எடுத்துக்கொண்டு போகும். பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயரால் இதை டெவிக் நோய் என்றும் சொல்வதுண்டு. தனி நோய் என்ற உறுதியான அடையாளம் இதற்கு 2004-இல்தான் கிடைத்தது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக் காலம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெரிய நோயின் கணக்கிலேயே பெரும்பாலும் சேர்க்கப்பட்டு வந்தது. அந்தக் கணக்குப் புத்தகத்தின் முக்கியமான பக்கங்கள் சில, இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவின் அருகே எழுதப்பட்டவை.

பலெர்மோவின் பழைய நகர்ப் பகுதிகளில் ஒன்று கபோ. கரினி வாசலில் தொடங்கும் குறுகிய தெருவில் வாள்மீனும் ஆலிவ் காயும் விற்கும் சந்தை இன்றும் நடக்கிறது. மருத்துவம் பதில் சொல்லாத காலத்தில் இத்தகைய தெருக்களில் கண்பார்வை போனவர்கள் முறையிட்டது புனித லூசியாவிடம். சிசிலியின் சிராக்கூசா நகரைச் சேர்ந்த மறைசாட்சியான அவர் கத்தோலிக்க மரபில் கண்களுக்குக் காவலானவர். டிசம்பர் 13 அவருடைய திருநாள். அன்று பலெர்மோ மக்கள் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. முழுக் கோதுமையை ஊறவைத்து அவித்து, ரிக்கொத்தா என்ற பாலாடைக்கட்டியில் கலந்து ‘குச்சீயா’ என்று உண்கிறார்கள். 1646-இன் பஞ்சத்தில், லூசியாவை வேண்டிக்கொண்டபோது கோதுமை ஏற்றிய கப்பல் வந்ததாம். அதை மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காத மக்கள் அப்படியே அவித்துத் தின்றதன் நினைவு இது என்பது வழக்கு. அந்தக் கப்பல் தங்கள் துறைமுகத்துக்கு வந்ததாகச் சிராக்கூசாவும் சொல்கிறது, பலெர்மோவும் சொல்கிறது.

கண் குணமானவர்கள் வெள்ளியில் செய்த கண்களை லூசியாவுக்குக் காணிக்கையாக்குவது அங்கே பழைய வழக்கம். சமயபுரத்தில் கண்மலர் சாத்துபவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரண்டு ஊர்களிலும் இந்த நேர்த்திக்கடன் நிலைத்ததற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் துணை நின்றிருக்கும். பார்வை நரம்பின் அழற்சி பல பேருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அட்டை விட்டாலும் சரி, பாதரசம் கொடுத்தாலும் சரி, வெள்ளிக் கண் நேர்ந்தாலும் சரி, அந்த வாரங்களில் எது செய்யப்பட்டதோ அதற்கே பெருமை சேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ ஏடுகளைப் படிக்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

பார்வை இழப்பையும் தண்டுவட நோயையும் ஒரே ஆளிடம் பார்த்து எழுதிவைத்த முதல் மருத்துவர்களில் ஒருவர் பாரிசின் அந்துவான் போர்தால். 1804-இல் அவர் விவரித்த நோயாளியின் தண்டுவடத்தில் அழற்சி இருந்தது. மூளையில் கோளாறு எதுவும் காணப்படவில்லை. அடுத்த முக்கியமான குறிப்பு இத்தாலிய மொழியில் வந்தது. 1844-இல் ஜெனோவாவைச் சேர்ந்த ஜொவான்னி பத்திஸ்தா பெஷெத்தோ, திடீரெனப் பார்வையும் போய்க் கழுத்துப் பகுதித் தண்டுவடமும் அழன்ற 42 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார். அந்த மனிதர் தேறிவிட்டார். அவரோடு சேர்ந்து அந்தக் குறிப்பும் மறக்கப்பட்டது. ஜெர்மன் ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைத் துருவிப் படித்து அதை மீட்டெடுத்தது இந்த நூற்றாண்டில்தான்.

பெஷெத்தோவிடம் இல்லாத ஒரு கருவி சில ஆண்டுகளில் வந்தது. 1851-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட கண்நோக்கி, உயிருள்ள மனிதனின் விழித்திரையையும் பார்வை நரம்பின் முனையையும் முதன்முறையாக மருத்துவர் கண்ணுக்குக் காட்டியது. அதுவரை ‘அமோரோசிஸ்’ என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்த பலவகைக் குருட்டுத்தன்மைகள் பிரியத் தொடங்கின. இங்கிலாந்தின் கிளிஃபர்ட் ஆல்பட் 1870-இல் தண்டுவட நோயாளிகளின் கண்ணுக்குள் தெரியும் மாற்றங்களைப் பற்றித் தனியாகவே எழுதினார்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது 1894-இல், பிரான்சின் லியோன் நகரில். அந்நகரின் ஒத்தேல்-தியே மருத்துவமனையில் யூஜீன் டெவிக் பார்த்த நோயாளி 45 வயதுப் பெண். தலைவலி, மனச்சோர்வு என்று வந்தவருக்குச் சிறுநீர் கட்டியது, கால்கள் செயலிழந்தன, பிறகு இரு கண்களும் போயின, இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் தண்டுவடத்திலும் பார்வை நரம்புகளிலும் சிதைவு காணப்பட்டது. டெவிக் தம் மாணவர் ஃபெர்னான் கோலிடம் இதே போன்ற நோயாளிகளை ஏடுகளில் தேடச் சொன்னார். அந்த ஆண்டே வந்த கோலின் ஆய்வேட்டில் பழைய குறிப்புகளிலிருந்து 16 பேரும் இந்தப் பெண்ணுமாக 17 பேர் இருந்தனர். 1907-இல் துருக்கி மருத்துவர் அக்கியோத்தே, இதற்கு டெவிக் பெயரையே சூட்டலாம் என்றார். மாணவரின் உழைப்பில் உருவான தொகுப்பு ஆசிரியரின் பெயரில் நிலைத்தது. மருத்துவ வரலாற்றில் இது புதிதில்லை.

பெயர் கிடைத்தும் நோய்க்குத் தனி இடம் கிடைக்கவில்லை. 1868-இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ தெளிவாக வரையறுத்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதற்குள் நரம்பியலின் பெரும் பாடமாகிவிட்டது. அதுவும் பார்வை நரம்பைத் தாக்குகிறது, தண்டுவடத்தையும் தாக்குகிறது, வந்து வந்து போகிறது. அப்படியிருக்கப் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் மட்டும் தாக்கும் ஒன்றை, அதன் கடுமையான வகை என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்தது. இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்ட எந்தச் சோதனையும் இல்லாத வரை அப்படிச் சொன்னவர்களைக் குறை கூறவும் முடியாது. சிக்கல், மருத்துவர்கள் ஊர் ஊராக நோயாளிகளை எண்ணத் தொடங்கியபோது வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பூமத்தியரேகையிலிருந்து விலக விலக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் கூடுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. அமெரிக்க நரம்பியலாளர் ஜான் குர்ட்ஸ்கே உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்: லட்சத்துக்கு 30 பேரும் அதற்கு மேலும் இருந்தால் உயர் மண்டலம், 5 முதல் 29 வரை நடு மண்டலம், 5-க்குக் கீழே தாழ் மண்டலம். வடக்கு ஐரோப்பா முதலாவதில், மத்தியதரைக்கடல் ஓரம் இரண்டாவதில், ஆசியா மூன்றாவதில். வரைபடம் பார்க்க ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கைக் கலைத்தது சிசிலி.

தென்னாப்பிரிக்காவில் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோயைக் குடும்பம் குடும்பமாகத் தேடிப் புகழ்பெற்றவர் ஜெஃப்ரி டீன். அவரும் சிசிலி மருத்துவர்களும் தீவின் நடுவே மலைமேல் இருக்கும் என்னா நகரில் 1975-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கெடுத்தபோது லட்சத்துக்குச் சுமார் 53 பேர் என்று வந்தது. குர்ட்ஸ்கேயின் வரைபடப்படி அவ்வளவு வந்திருக்கக் கூடாது. ஒரு சிறிய மலையூரில் தற்செயலாகக் கூடிப்போன எண்ணாக இருக்கலாம் என்ற சந்தேகம் இயல்பானது. ஆகவே இன்னொரு ஊர் தேவைப்பட்டது. அந்த ஊர் மொன்ரேயாலே.

கபோவிலிருந்து புறப்பட்டுப் பலெர்மோவின் ‘புதிய வாசல்’ வழியாகத் தென்மேற்கே ஏறும் நேர்ச்சாலை சில கிலோமீட்டரில் மொன்ரேயாலேயைச் சென்றடைகிறது. பொன் மொசைக் பதித்த பேராலயத்தைப் பார்க்க உலகம் அங்கே போகிறது. பலெர்மோ நரம்பியலாளர் ஜொவான்னி சவெத்தியேரி டீனுடன் சேர்ந்து அங்கே போனது நோயாளிகளை எண்ண. கணக்கெடுப்புக்கு இந்த அளவு ஊர் வசதியானது: எல்லாரையும் விசாரிக்கும் அளவுக்குச் சிறியது, எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கும் அளவுக்குப் பெரியது. 1981-இல் முடிவு வெளிவந்தது. மொன்ரேயாலேயிலும் எண் லட்சத்துக்கு 40-ஐத் தாண்டியது. அதே ஆண்டு தென்கரையின் அக்ரிஜெந்தோவின் முடிவும், 1986-இல் கல்தனிசெத்தாவின் முடிவும் வந்தன. சிசிலி உயர் மண்டலத்தில் இருக்கிறது என்பதில் அதற்குப் பிறகு ஐயம் எழவில்லை.

சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் மால்டா. அதே டீன் குழு 1978-ஆம் ஆண்டு நிலவரத்தை அங்கே எடுத்தபோது கிடைத்த எண் லட்சத்துக்குச் சுமார் 4. ஒரே வெயில், ஒரே கடல், ஏறக்குறைய ஒரே உணவு. நோய் மட்டும் பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டது. அட்சரேகை மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அப்போது கிடைக்கவில்லை. மரபணுவையும் மக்களின் பழைய இடப்பெயர்வுகளையும் நோக்கி ஆராய்ச்சியைத் திருப்பியதில் இந்தத் தீவு ஒப்பீட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தக் கணக்குகளில் எல்லாம் டெவிக் நோய்க்குத் தனிப் பத்தி கிடையாது. நரம்பு மண்டலத்தில் இரண்டு இடங்களில், இரண்டு காலங்களில் பாதிப்பு இருந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதே அன்றைய விதி. கண்ணும் தண்டுவடமும் போன பெண் அந்த விதிக்குள் சரியாகப் பொருந்திவிடுவார். சிசிலியில் இதனால் பெரிய பிழை வந்திருக்காது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மிகுந்த ஊரில் சில டெவிக் நோயாளிகள் கலந்தாலும் எண் அசையாது. அதே விதியை ஆசியாவுக்குக் கொண்டுபோனபோது கதை மாறியது. அங்கே மொத்தமே குறைவு. அந்தக் குறைவிலும் கண்ணும் தண்டுவடமும் மட்டும் பாதிக்கப்பட்டவர்களின் பங்கு பெரிது. ஜப்பானியர் இதை ‘கண்-தண்டுவட வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்றே அழைத்துவந்தனர். அங்கே வேறொரு நோய் கணிசமாகக் கலந்திருக்கிறது என்பதை அந்தப் பெயரே மூடி மறைத்துவிட்டது.

இந்தியாவிலும் இதே நிலைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து மேத்யூவும் உடன் பணியாற்றியவர்களும் 1971-இல் இந்தியாவில் நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை சிதையும் நோய்களின் அளவையும் போக்கையும் பற்றி எழுதினர். சென்னை, மும்பை, டெல்லி மருத்துவர்களின் அனுபவமும் சேர்ந்து, இங்கே பார்வை நரம்பும் தண்டுவடமும் மேலைநாட்டை விட அதிகமாக அடிபடுகின்றன என்ற கருத்து பாடநூல்களில் ஏறியது. எம்.ஆர்.ஐ. வசதி வராத, நோயாளி ஊருக்குப் போனால் திரும்பி வருவாரா என்று தெரியாத காலம் அது. மறு தாக்குதல் எத்தனை முறை வந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் இந்த நோயின் சாயல் தெரியும்; புறநோயாளிச் சீட்டோடு முடிந்துபோகும் உறவில் அது தெரியாது.

டீனும் மார்தா எலியனும் பின்னர் பிரிட்டனில் குடியேறிய இந்தியத் துணைக்கண்டத்து மக்களையும் ஆராய்ந்தனர். குடியேறிய பெற்றோரிடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அரிது; பிரிட்டனிலேயே பிறந்த பிள்ளைகளிடமோ அந்நாட்டவருக்கு நெருக்கமான அளவு என்று 1990-இல் அறிவித்தனர். பிறந்து வளரும் இடம் அந்த நோயின் அளவை மாற்றுகிறது. டெவிக் நோயில் வம்சாவளியின் சாயல் தூக்கலாகத் தெரிகிறது: 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், பெரும்பாலும் வெள்ளையர் வாழும் அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் வட்டாரத்தில் லட்சத்துக்குச் சுமார் 4, ஆப்பிரிக்க வம்சாவளியினர் மிகுந்த மார்த்தினிக் தீவில் 10.

இரண்டு நோய்களையும் பிரிக்கும் வேலை தொடங்கியது அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில். 1999-இல் டீன் விங்கர்ச்சக்கும் பிரையன் வைன்ஷெங்கரும் 71 நோயாளிகளின் வரலாற்றைத் திரட்டிப் புதிய அளவுகோல்களை வகுத்தனர். திரும்பத் திரும்பத் தாக்குதலுக்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு கண்ணாவது இழந்திருந்தனர், அல்லது துணையின்றி நடக்க இயலாதவராகியிருந்தனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இவ்வளவு வேகமாகப் போவதில்லை. எம்.ஆர்.ஐ.யிலும் வேறுபாடு தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் தண்டுவடத்தில் சிறு சிறு திட்டுகள். இதில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் அதற்கு மேலும் ஒரே நீண்ட வீக்கம்.

இரத்தத்தில் கிடைத்த சான்று தற்செயலானது. வேறு நோய்களுக்காக மேயோ ஆய்வகத்துக்கு வந்த இரத்த மாதிரிகளை எலி மூளைத் துண்டுகளின்மேல் விட்டுப் பார்த்தபோது, சிலவற்றில் மட்டும் நுண்குழாய்களைச் சுற்றி ஒரு தனி ஒளிக்கோலம் தோன்றியது. நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டினால் அவர்களில் பெரும்பாலோர் டெவிக் நோயாளிகள். வாண்டா லெனன் தலைமையிலான குழு, ஜப்பானின் செண்டாய் நகரிலிருந்து கசுவோ ஃபுஜிஹாரா அனுப்பிய மாதிரிகளையும் சேர்த்துச் சோதித்து 2004-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. டெவிக் நோயாளிகளில் 73 விழுக்காட்டினரிடம் அந்த ஒளிக்கோலத்தை உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் இருந்தது. ஜப்பானின் ‘கண்-தண்டுவட வகை’ நோயாளிகள் பலரிடமும் அதே பொருள் காணப்பட்டது. பசிபிக்கின் இரு கரைகளில் இரு பெயர்களில் வாழ்ந்த நோய் ஒன்றே என்று தெரிந்தது.

அந்த எதிர்ப்புப்பொருளின் இலக்கு அக்வாபோரின்-4 என்று மறு ஆண்டு கண்டறியப்பட்டது. செல்களின் சவ்வில் தண்ணீர் புகுந்து வெளியேறும் வாயில்கள் அக்வாபோரின்கள். அவற்றைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசின் பங்கு கிடைத்திருந்தது. மூளையில் இந்த நான்காம் வகை, ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவத் துணைச் செல்கள் இரத்தக்குழாயைத் தொடும் பாதங்களில் நெருக்கமாக இருக்கிறது. எதிர்ப்புப்பொருள் அங்கே ஒட்டிக்கொண்டு, ‘காம்ப்ளிமென்ட்’ எனும் இரத்தப் புரதங்களின் தொடர் தாக்குதலைத் தூண்டுகிறது. முதலில் சாவது ஆஸ்ட்ரோசைட். அதை நம்பியிருந்த மயலின் உறையும் நரம்பிழையும் அதன் பிறகே சிதைகின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் அடி விழுவது மயலினில். நூறு ஆண்டுகளாக ஒரே தலைப்பில் வைக்கப்பட்டிருந்த இரண்டு நோய்களுக்கும் அடிப்படையே வேறு.

நோய் கண்ணோடும் தண்டுவடத்தோடும் நிற்பதில்லை என்பதும் இந்தச் சோதனைக்குப் பிறகே விளங்கியது. மூளைத்தண்டின் பின்புறத்தில் ‘ஏரியா போஸ்ட்ரீமா’ என்ற சிறு பகுதி வாந்தியைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே அக்வாபோரின்-4 மிகுதி. அது தாக்கப்பட்டால் நாள்கணக்கில் நிற்காத விக்கலும் குமட்டலும் வரும். இப்படிப்பட்டவர்கள் முதலில் போவது வயிற்று மருத்துவரிடம். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது. விக்கல் தானாக நிற்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கால்கள் மரத்துப்போகும்போது அந்த விக்கலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2015-இல் வெளியான சர்வதேச அளவுகோல் கண், தண்டுவடம், ஏரியா போஸ்ட்ரீமா உள்ளிட்ட ஆறு இடங்களைக் குறித்தது. எதிர்ப்புப்பொருள் உறுதியானால், வேறு விளக்கம் இல்லாத நிலையில், அவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டிருந்தாலே போதும். கண்ணும் தண்டுவடமும் இரண்டும் போகும்வரை காத்திருக்க வேண்டிய காலம் அத்தோடு முடிந்தது.

தென்னிந்தியாவில் இந்தச் சோதனை வேர்பிடிக்க உதவியவர் மங்களூரின் லேகா பண்டிட். அவர் நகரில் எடுத்த கணக்கெடுப்பு 2014-இல் வெளியானது: டெவிக் நோய் லட்சத்துக்கு 2.6, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் 8-ஐ ஒட்டி. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிய கணக்கு இது. மொன்ரேயாலேயில் எழுத முடியாமல் போன பத்தி.

சிகிச்சையின் வரலாறு இதைவிடக் குறுகியது. டெவிக்கின் காலத்தில் செய்வதற்கு எதுவுமில்லை. ஸ்டீராய்டுகள் 1950-களில் புழக்கத்துக்கு வந்தன; இன்றும் தாக்குதல் வந்தவுடன் மெத்தில்பிரெட்னிசொலோன் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் சிரை வழியே ஏற்றுவதே முதல் படி. அது பலிக்காவிட்டால் பிளாஸ்மா மாற்று: இரத்தத்தை வெளியே எடுத்து, எதிர்ப்புப்பொருள் மிதக்கும் திரவத்தைப் பிரித்து நீக்கி, செல்களைத் திருப்பிச் செலுத்துவது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஐந்து முதல் ஏழு முறை செய்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு பார்வை மிஞ்சும்.

மறு தாக்குதலைத் தடுப்பதில் பழைய கணக்குப் பிழை உயிர் விஷயமாகியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு 1990-களில் வந்த பீட்டா இன்டர்ஃபெரான் ஊசி டெவிக் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. பலருக்கு நோயைத் தூண்டிவிட்டது. பின்னால் வந்த நடாலிசுமாப், ஃபிங்கோலிமோட் ஆகியவற்றிலும் இதே கேடு பதிவாகியது. நோயின் பெயரைத் தவறாக எழுதியதற்கு நோயாளி தன் கண்ணால் விலை கொடுத்தார். அசதயோப்ரின் மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து தடுப்பதை 1998-இல் ரவுல் மாண்ட்லர் குழு ஏழு பேரிடம் காட்டியது. ரிட்டுக்சிமாப் எட்டுப் பேரிடம் பலன் தந்ததை 2005-இல் புரூஸ் கிரீ குழு எழுதியது. அரிய நோய்களின் மருத்துவம் இப்படி ஏழு, எட்டு என்றுதான் நகரும்.

இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து எக்குலிசுமாப், 2019. காம்ப்ளிமென்ட் தொடரின் ஐந்தாம் புரதத்தை அது முடக்குகிறது. 143 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. 2020-இல் இனெபிலிசுமாபும் சத்ராலிசுமாபும் வந்தன. எக்குலிசுமாப் உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்று. இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளைக் காப்பது அசதயோப்ரின், மைக்கோஃபினோலேட், உள்நாட்டிலேயே தயாராகும் ரிட்டுக்சிமாப் ஆகியவை. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-இல் அதன் உள்நாட்டு வடிவத்தைக் கொண்டுவந்தது புற்றுநோய்க்காக. டெவிக் நோயாளிகள் அந்த வழியில் பயன்பெற்றார்கள்.

மருந்து இருந்தாலும் மருத்துவமனைக்குள் போக வழி வேண்டும். பலெர்மோவில் 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் கணிசமாகக் குடியேறினர். வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து பழைய நகரத் தெருக்களில் வாழ்ந்தவர்கள், பெல்லெக்ரினோ மலைமேல் நகரின் காவலான புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறிச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு. இத்தாலியில் 1978-இன் சட்டம் அனைவருக்குமான பொது மருத்துவச் சேவையை நிறுவியது; 1998-இன் சட்டம் வசிப்பு அனுமதி ஆவணம் இல்லாத வெளிநாட்டவருக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சையைத் தனி அட்டை வழியே உறுதிசெய்தது. திடீரெனக் கண் மங்கிய ஒருவர் ஆவணமின்றியும் மருத்துவமனை வாசலைத் தாண்ட அது வழிசெய்கிறது.

நோய்களைப் பிரிக்கும் வேலை 2004-உடன் முடிந்துவிடவில்லை. அக்வாபோரின் சோதனையில் எதிர்மறை முடிவு பெற்றவர்கள் ஒரு பங்கு எஞ்சியே இருந்தனர். அவர்களில் பலரிடம் மயலினின் வெளிப்புறத்தில் உள்ள எம்.ஓ.ஜி. என்ற புரதத்துக்கு எதிரான பொருள் காணப்பட்டது. குழந்தைகளிடம் அதிகம் வருவது, ஸ்டீராய்டுக்கு விரைவாகப் பணிவது, பார்வை நன்றாகத் திரும்புவது என்று அதன் போக்கே வேறு. 2023-இல் அதற்கும் தனி அளவுகோல் வகுக்கப்பட்டு, அதுவும் டெவிக் நோயின் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டு எதிர்ப்புப்பொருளும் இல்லாத சிலரை மட்டும் மருத்துவர்கள் இப்போதைக்குப் பழைய தலைப்பின்கீழ் வைத்திருக்கிறார்கள்.